செயலாளர் ஆண்டறிக்கை: பிள்ளைக்கு ஜீன் டெஸ்ட் வேண்டுமா?

தலைவர் அவர்களுக்கும், வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு திரும்பத் திரும்ப வந்தது ஒரே கேள்விதான்: "எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கே, பிள்ளைக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?" மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., மூளை, தண்டுவட நரம்புகளின் உறை தேயும் நோய். டெஸ்ட் வேண்டாம் என்பதே சங்கத்தின் நிலை. காரணங்களைப் பதிவு செய்கிறேன்.

இந்த நோய்க்கென்று ஒற்றை மரபணு கிடையாது. 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு 233 மரபணு மாறுபாடுகளை நோயோடு தொடர்புபடுத்தியது. அவற்றில் 32, ஆறாம் குரோமோசோமில் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் இருக்கும் எச்.எல்.ஏ. பகுதியைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை தனித்தனியே வாய்ப்பைக் கொஞ்சம்தான் கூட்டும். அந்தப் பகுதியிலேயே பெரிய ஆள் டி.ஆர்.பி.1 15:01 என்ற மாறுபாடு, ஐரோப்பிய வம்சாவளியினரிடம் வாய்ப்பை ஏறத்தாழ 3 மடங்காக்கும். மூன்று மடங்கா என்று பதறுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். லட்சத்தில் 10 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், அது 30 ஆகும். மீதி 99,970 பேருக்கு வராது.

சில லேப் அறிக்கைகளில் "டி.ஆர்.15 பாசிட்டிவ்" என்று மட்டும் இருக்கிறது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. டி.ஆர்.15 என்பது ஒரு குடும்பப் பெயர், 15:01, 15:02 இரண்டும் அதற்குள் அடங்கும். நம் நாட்டில் 15:02 சாதாரணமாகக் காணப்படுவது. நோயோடு உறுதியாக இணைக்கப்பட்டது 15:01தான்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா என்றும் கேட்கிறார்கள். ஒற்றை மரபணுவால் வரும் நோய்களுக்குப் போடும் கணக்கு இதற்குப் பொருந்தாது. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும், மற்றவருக்கு வருவது நூற்றுக்கு 25 முதல் 30 வரைதான். மிச்சத்தைச் சூழல் தீர்மானிக்கிறது. எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றியபின் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாக 2022இல் அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகள் காட்டின. ஆனால் அந்த வைரஸ் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றியிருக்கும், தவிர்க்க வழியில்லை. வாய்ப்பைக் கூட்டுபவற்றில் தவிர்க்க முடிந்தது பீடி, சிகரெட். வீட்டில் நோயாளி இருந்தும் புகைப்பவர்கள் ஜீன் டெஸ்டுக்குப் பணம் சேர்ப்பது வேடிக்கைதான்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் வேறு. இரண்டு கண்ணிலும் ஒருசேரப் பார்வை போனால், தண்டுவடத்தில் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கோ அதற்கு மேலோ பாதிப்பு தெரிந்தால், நிற்காத விக்கலோ வாந்தியோ இருந்தால், அக்குவாபோரின் 4 எதிர்ப்புப்பொருள் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும். அது நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்ற வேறு நோயாக இருக்கலாம். எம்.எஸ். என்று நினைத்து அதற்கான மருந்துகளான இன்டர்ஃபெரானோ ஃபிங்கோலிமோடோ கொடுத்தால் அந்த நோய் முற்றும். பிளாஸ்மா மாற்றும் சிகிச்சைக்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் எதிர்ப்புப்பொருள் குறைந்து, நெகட்டிவ் என்று வரக்கூடும்.

சித்திரை, வைகாசிக் கூட்டங்களை இனி காலை 7 மணிக்கு வைக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. வேலூர் வெயிலில் உடல் சூடேறினால் உறை தேய்ந்த நரம்பில் சமிக்ஞை தடைபட்டு, கால் தளரும், பார்வை மங்கும். உடல் குளிர்ந்தபின் சரியாகிவிட்டால் அது புதுத் தாக்குதல் அல்ல, ஸ்டீராய்டு தேவையில்லை. உறுப்பினர்கள் ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்