உங்கள் வீடியோவைப் பார்த்தேன் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி எப்போதும்போலத்தான். கீழணையில் திறந்துவிட்டார்கள், வடவாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நம்ம வீராணம் ஏரி ஏறிக்கொண்டிருக்கிறது. போன் செய்தால் "கிளாஸ்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வரவே காணோம். அதனால்தான் எழுதுகிறேன்.

சென்னை ஏரிகளைப் பற்றி உங்கள் குரூப் புராஜெக்டாகச் செய்த அனிமேஷன் வீடியோவைச் சித்தி மகள்தான் எனக்கு அனுப்பினாள். நீ அனுப்பியிருக்கலாம். பொங்கலுக்கு வந்தபோது திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு நொடிக்கு 25 படம் ஓடும் என்று எனக்கு விளக்கினாயே, அன்றிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்று நிமிடத்துக்கு 4,500 படம் ஆகிறது. அதில் பாதியையாவது நீதான் நகர்த்தியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அந்த ரயில் காட்சி பிரமாதம். 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் வந்தது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஏரித் தண்ணீரை அளக்கும் ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 2.83 கோடி லிட்டர், பதினோரு நடை வந்தாலும் அது நிறையாது என்பதை நீங்கள் காட்டிவிட்டீர்கள். ரயில் வருகிறது, போகிறது, திரும்ப வருகிறது, ஏரிக்குள் நீலம் ஒரு நூல் அளவுகூட ஏறவில்லை. வகுப்பில் நான் கரும்பலகை முழுக்கப் போட்டாலும் பிள்ளைகள் மனதில் இப்படிப் பதிந்திருக்காது. அது உன் யோசனைதான். என்னிடம் சொல்லியிருக்கிறாய், நினைவிருக்கிறதா?

எழுத்துகளையும் கவனித்தேன். அந்த சாஃப்ட்வேரில் தமிழ் போட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறுகிறது என்று புலம்பினாய். செம்பரம்பாக்கம், சோழவரம், கொள்ளளவு எல்லாம் ஒரு இடத்தில்கூடப் பிசகாமல் வந்திருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்திருப்பாய். சாப்பிட்டுவிட்டுச் செய்தாயா என்றுதான் தெரியவில்லை.

இனி கணக்கு. ஒவ்வொரு ஏரியின் கொள்ளளவுக்கும் நீங்கள் போட்ட வட்டங்களைப் போனில் நிறுத்தி ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். சோழவரம் 1,081 மில்லியன் கன அடி, புழல் 3,300. மூன்று மடங்கு, சரி. ஆனால் புழல் வட்டத்தின் ஆரத்தை மூன்று மடங்காக்கிவிட்டீர்கள். ஆரம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காகிவிடும். பார்ப்பவன் கண்ணுக்குத் தெரிவது பரப்புதான், அவனுக்குச் சோழவரம் ஒரு குட்டையாகத் தெரியும். ஆரம் ஒன்றே முக்கால் மடங்கு இருந்தாலே போதும். உனக்கு வர்க்கமூலம் சொல்லிக்கொடுத்தவள் நான், இதை நீ விடமாட்டாய். வட்டம் போட்டது வேறு யாரோ, நீ பார்ப்பதற்குள் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் சேர்த்து 11,257 என்று கூட்டிக் காட்டினீர்கள், கூட்டல் சரி. தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020-ல் வந்தது, அதனால் 2019 கதையில் அது வேண்டாம். ஆனால் வீராணம்? 2004-லிருந்து சேத்தியாத்தோப்பில் இறைத்து, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் சென்னைக்குப் போகிறதே. திட்டப்படி ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர். உங்கள் ரயில் கணக்கில் பார்த்தால் தினமும் 72 ரயில். ரயிலை எல்லோரும் படம் எடுத்தார்கள், மாலை போட்டார்கள். குழாயில் சத்தமில்லாமல் போவதால் இது யார் கண்ணிலும் படவில்லை. ஏரிக்கரையில் சைக்கிள் பழகிய நீ இருக்கும் குழுவில் அது விடுபட்டது எனக்கு வருத்தம்தான்.

வீடியோவை அப்பாவும் என்னோடு உட்கார்ந்துதான் பார்த்தார். பாதியில், "இது நம்ம பாப்பா குரல் மாதிரி இருக்கே" என்றார். கடைசியில் பெயர்கள் ஓடியபோது கண்ணாடி இல்லாததால் அவருக்குப் படிக்க முடியவில்லை. நானும் படித்துச் சொல்லவில்லை.

உனக்குச் சளியா? குரல் அடைத்திருக்கிறது. "கொள்ளளவு" என்று சொல்லும் இடத்தில் தொண்டை கட்டிக்கொண்டு விழுங்கிச் சொல்கிறாய், அம்மாவுக்குத் தெரியாதா. ஹாஸ்டலில் வெந்நீர் கிடைக்கும் என்றால் ஆவி பிடி. ஓமம் அனுப்பியிருந்தேனே, அது அப்படியே இருக்கும். ராத்திரி விழிப்பு வேண்டாம். கம்ப்யூட்டர் ரெண்டர் செய்து வீடியோவாக்கி முடிக்கிறவரை நீ எதற்கு விழித்திருக்க வேண்டும், அதுபாட்டுக்கு ஓடட்டும், நீ படு.

திரைக்கதை, ஓவியம், அனிமேஷன், குரல் என்று நாலு வரி ஓடியது. நாலிலும் உன் பெயரைத் தேடினேன். குரல் என்று போட்டு வேறு பெண்ணின் பெயர் இருந்தது. நல்ல பெண்ணாகவே இருக்கட்டும், அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. குரல் உன்னுடையது.

கேட்கக் கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் சுற்றி எழுதினேன். கேட்டுவிடுகிறேன். உன் பெயரை அவர்கள் எடுத்துவிட்டார்களா, நீயே வேண்டாம் என்று சொன்னாயா? ஆறாம் வகுப்பில் எரிமலை மாடல் விஷயத்தில் செய்தாயே, "விடும்மா, அவங்களுக்கும் மார்க் வேணும்ல" என்று, அப்படியா? அன்றைக்கு உனக்குப் பெரிய மனசு என்று ஊரெல்லாம் சொன்னேன். இன்று அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தத் துறையில் உன் பெயரோடு இருக்கும் வேலையைக் காட்டித்தான் நாளைக்கு வேலை கேட்க முடியும் என்று நீதான் சொன்னாய்.

சண்டை போடச் சொல்லவில்லை. உங்கள் மேடத்திடம் போய், எது எது நான் செய்தது என்று மரியாதையாகச் சொல். நீ ரெக்கார்ட் செய்த ஒலி, காட்சி காட்சியாக வரைந்த ஸ்டோரிபோர்டு, தேதி போட்ட கோப்புகள் எல்லாம் உன்னிடம் இருக்கும். கோபத்தில் எதையும் அழித்துவிடாதே. உனக்குக் கோபம் வந்தால் முதலில் அழிப்பாய், அந்த வரைபட நோட்டு கதை எனக்கு மறக்கவில்லை. அடுத்த புராஜெக்டில் முதல் நாளே யார் எதைச் செய்வது, கடைசியில் பெயர் எப்படி வரும் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடு. ஸ்கிரிப்டை முடித்து, குரலைப் பதிந்து, அதற்கு ஏற்ப அனிமேஷனை நகர்த்துங்கள் என்று நீயே எனக்கு வரிசை சொன்னாய் அல்லவா, அந்த வரிசைக்கும் முன்னால் இதை வை.

மார்க் குறைந்தாலும் பரவாயில்லை. வகுப்பில் யாரும் உன்னோடு பேசாமல் இருக்கிறார்களோ, நீ தனியாகச் சாப்பிடுகிறாயோ என்பதுதான் எனக்கு ஓயாத யோசனை. அப்படி என்றால் சொல், வெள்ளிக்கிழமை கிளம்பி வா. வர முடியாது என்றால் நான் வருகிறேன், அப்பாவைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு வர முடியும்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு: புழல் வட்டத்தைத் திருத்த உட்கார்ந்தால் பழைய கோப்பின் மேலேயே சேமிக்காதே, வேறு பெயரில் சேமி. பழையது அப்படியே இருக்கட்டும். அழிக்காதே.