மாதிரிப் பெட்டிகள் போகின்றன, விடை திரும்பி வருவதில்லை

பெறுநர்: சுரங்கப் பொறியியல் துறை நடத்தும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள், துறைத்தலைவர்கள், பன்னாட்டு உறவுப் பிரிவினர்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நான் சுரங்கப் பொறியியல் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் சுரங்கங்களில் வேலை பார்த்தவன். 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிமங்கள் இயக்கத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. லித்தியம், கோபால்ட், அருமண் தனிமங்கள் என்று நம் துறையின் பெயர் இப்போது அடிக்கடி செய்தியில் வருகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும் வேகமும் கூடும். அந்தத் தாள்கள் கையெழுத்துக்கு வருவதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் என் கதை. மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் துறை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு ஆய்வு நடத்தியது. துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளை, கோர் என்போமே, அவற்றைப் பெட்டியில் அடுக்கும் வேலை எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் வந்தது. ஒவ்வொரு துண்டையும் ஈரம் போகாமல் பிளாஸ்டிக்கில் சுற்றுவோம். இடையிடையே சிறு மரக்கட்டை வைத்து, எத்தனை மீட்டர் ஆழம் என்று பெயின்ட்டில் எழுதுவோம். பத்து நாள் வேலை. விரலெல்லாம் பெயின்ட். பதினான்கு பெட்டிகள் கப்பல் ஏறின. இரண்டு வருடம் கழித்து கட்டுரை வெளியாகிவிட்டது என்று ஆசிரியர் ஒருவர் சொன்னார். அந்த இதழுக்கு எங்கள் நூலகம் சந்தா கட்டவில்லை. பணம் கட்டினால்தான் படிக்கலாம். நான் அதைப் படித்தபோது வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கடைசிப் பத்தியில் 'உள்ளூர் உதவியாளர்களுக்கு' நன்றி சொல்லியிருந்தார்கள். நன்றியில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தப் பாறை எவ்வளவு அழுத்தம் தாங்கும், எந்த ஆழத்தில் பலவீனமாக இருக்கிறது என்ற விவரம் அந்தச் சுரங்கத்தில் குழிச் சுவரின் சரிவுக் கோணத்தை முடிவு செய்பவருக்கு வந்து சேரவே இல்லை. இன்றுவரை அதுதான் என்னை உறுத்துகிறது.

இது இன்று நேற்று தொடங்கியதும் இல்லை. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகரில் 1765இல் ஒரு சுரங்கக் கல்விக்கூடம் தொடங்கினார்கள். இன்றும் நடக்கும் சுரங்கப் பல்கலைக்கழகங்களில் அதுவே மிகப் பழையது. அங்கே படித்தவர் அந்திரேஸ் மனுவேல் தெல் ரியோ. பிறகு மெக்சிகோவில் 1792இல் தொடங்கிய சுரங்கக் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். அந்தக் கல்லூரியை நடத்திய ஃபவுஸ்தோ எல்ஹூயரும் ஃப்ரைபெர்க்கில் படித்தவர்தான். நம் துறையின் முதல் பன்னாட்டு உறவு என்று நான் இதைத்தான் சொல்வேன்.

1801இல் தெல் ரியோ மெக்சிகோவின் ஈயத் தாது ஒன்றில் புதிய தனிமம் ஒன்றைக் கண்டார், பெயரும் வைத்தார். அவருடைய ஃப்ரைபெர்க் நண்பரும் ஜெர்மன் இயற்கை ஆய்வாளருமான அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் மெக்சிகோ வந்தபோது அந்தத் தாதுவின் மாதிரி ஐரோப்பாவுக்குப் போனது. பாரிஸில் சோதித்த வேதியியலாளர், இது புதிதில்லை, வெறும் குரோமியம் என்று எழுதிவிட்டார். தெல் ரியோவும் தன் கண்டுபிடிப்பைக் கைவிட்டார். 1830இல் சுவீடனில் ஒருவர் அதே தனிமத்தைக் கண்டு 'வனேடியம்' என்று பெயர் வைத்தார். மறு ஆண்டே இரண்டும் ஒன்றுதான் என்பது உறுதியானது. ஆனாலும் தெல் ரியோ வைத்த பெயர் திரும்பவில்லை. ஹம்போல்ட் நல்ல நண்பர், பாரிஸ்காரர் கெட்டவர் இல்லை. யாருடைய மனதிலும் தீங்கு இல்லாமலேயே இது நடந்தது. மாதிரி இருக்கும் இடத்துக்கே கடைசிச் சொல்லும் போய்விடுகிறது. எங்கள் பதினான்கு பெட்டிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு தெல் ரியோ நினைவுக்கு வருகிறார்.

சரி, அப்படியானால் வெளிநாட்டு உறவே வேண்டாமா? வேண்டும். நெய்வேலியைப் பாருங்கள். 1957இல் அங்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். பெரிய சக்கரத்தில் வாளிகளை மாட்டி மண்ணை வெட்டி அள்ளும் பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன, முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. ஆனால் ஜெர்மனியின் ரைன் பகுதியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பது பெரும்பாலும் தளர்ந்த மணல், சரளை, களிமண். நெய்வேலியில் மேலே கிடப்பது கடலூர் மணற்பாறை. இரும்பையே அரைத்துத் தின்னும் கல் அது. பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு மூத்த டெக்னீஷியன், ஐயா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள், பக்கெட்டில் மாட்டும் பல் இரண்டை என் கையில் கொடுத்தார். ஒன்று புதியது, உளி போலக் கூர்மை. இன்னொன்று தேய்ந்து, ஆற்றங்கரைக் கூழாங்கல் போல மொழுமொழுவென்று இருந்தது. 'தம்பி, இயந்திரம் அங்கே செஞ்சது, கல்லு நம்மது' என்றார். அதனால்தான் அங்கே முதலில் துளையிட்டு வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திவிட்டு, பிறகு சக்கரத்தை விடுகிறார்கள். பல்லின் உலோகம், வெடியின் அளவு, துளைகளின் இடைவெளி என்று ஒவ்வொன்றையும் இந்தக் கல்லில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஐயா மாதிரி ஆட்களின் பெயர் எந்தக் கூட்டு ஆய்விலாவது ஆசிரியர் வரிசையில் வந்திருக்கிறதா?

அப்புறம் தண்ணீர். என் வேண்டுகோளில் முக்கியமானது இதுதான். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரிய நீரடுக்கு இருக்கிறது. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. மேலே இருக்கும் மண்ணை அள்ளிவிட்டால் அந்த அழுத்தம் குழியின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். ஆகவே இரவும் பகலும் பம்ப் ஓடுகிறது. சுற்று வட்டார விவசாயிகள் கிணறு இறங்கிவிட்டது என்று சொல்வதற்கும், சுரங்கம் மூழ்காமல் இருப்பதற்கும் நடுவில் ஓடுவது இந்த பம்ப்தான். என்றாவது ஒருநாள் வெட்டி முடித்து அதை நிறுத்துவார்கள். அன்றைக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு ஜெர்மனி ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. லவுசிட்ஸ் பகுதியில் பழைய பழுப்பு நிலக்கரிக் குழிகளை ஏரிகளாக மாற்றியிருக்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் நிலத்தடி நீர் மறுபடி ஏறும்போது, தோண்டிப் போட்ட மண்ணில் காற்றுப் பட்ட பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்திலிருந்து இரும்பும் சல்ஃபேட்டும் கரைந்து வருகின்றன. ஸ்ப்ரே ஆற்றில் தண்ணீர் துருப்பிடித்தது போலப் பழுப்பாக ஓடிய நாட்கள் உண்டு. இன்னொரு பகுதியான நாக்டர்ஸ்டெட்டில் 2009 ஜூலை 18 விடியற்காலையில் பழைய குழி ஏரியின் கரை சரிந்து, வீடுகளோடு நிலம் உள்ளே போனது. மூன்று பேர் இறந்தார்கள். நிலத்தடி நீரின் அழுத்தம் முக்கியக் காரணம் என்று பின்னர் வந்த ஆய்வறிக்கை சொன்னது. நெய்வேலியில் வேலை செய்த யாருக்கும் இந்த வாக்கியத்தைப் படித்தால் வயிறு கலங்கும்.

எனவே ஃப்ரைபெர்க்கோடும், லவுசிட்ஸ் பகுதியிலேயே இருக்கும் கோட்புஸ் பல்கலைக்கழகத்தோடும் உறவு வைப்பதென்றால் இதற்காக வையுங்கள். 'சுரங்கத் துறையில் ஒத்துழைப்பு' என்று பொதுவாக எழுதாதீர்கள். இந்தச் சுரங்கம், இந்த நீரடுக்கு, பம்ப் நின்ற பிறகு ஐம்பது ஆண்டுகள் என்று எழுதுங்கள். கேள்வி இப்படிக் குறுகலாக இருந்தால்தான் யார் போக வேண்டும், எத்தனை மாதம் தங்க வேண்டும் என்பது தெளிவாகும். ஒரு வாரச் சுற்றுலாவில் நீர்மட்டத்தை அளக்க முடியாது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வேண்டும்.

மாணவர்கள் மட்டும் போனால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஹம்போல்ட் 1793இல் ஸ்டேபன் என்ற ஊரில் தன் கைக்காசைப் போட்டு, சுரங்கத் தொழிலாளர்களுக்காகவே ஒரு இலவசப் பள்ளி தொடங்கினார். மங்கோலியாவோடு சேர்ந்து ஜெர்மனி 2013இல் தொடங்கிய கனிமவளப் பல்கலைக்கழகம் பழைய நிலக்கரி ஊரான நலைக்கில்தான் இருக்கிறது. படிப்பைச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். நம் ஒப்பந்தங்களில் பம்ப் ஆபரேட்டருக்கும் சர்வேயருக்கும் துளை போடும் தொழிலாளிக்கும் ஒரு இருக்கை ஒதுக்குங்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில், தமிழோ இந்தியோ ஒடியாவோ, ஆய்வின் முடிவைப் பத்துப் பக்கமாவது எழுதித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் கடமையாகவே வையுங்கள்.

சான்றிதழ் விஷயத்தையும் மறந்துவிட வேண்டாம். முதல் வகுப்பு மேலாளர் சான்றிதழ் இல்லாமல் இங்கே ஒரு பெரிய சுரங்கத்தை நடத்த முடியாது. அதைத் தரும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் தன்பாத்தில் இருக்கிறது. வெளிநாட்டுச் சுரங்கத்தில் மாணவர் கழிக்கும் மாதங்கள் அனுபவக் கணக்கில் சேருமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்த பிறகு பிள்ளைகள் அலுவலகம் அலுவலகமாக அலையக் கூடாது.

மாதிரிகளுக்கு வழி நம் தொழிலிலேயே இருக்கிறது. கோரை நெடுக்காக இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறு பாதியைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்வோம். பின்னால் யாருக்காவது சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். ஒப்பந்தத்திலும் அதையே எழுதுங்கள். பாதிக் கோர் இங்கேயே இருக்கும். அளவீடுகளின் முழுப் பிரதி வெளியாகும் முன்பே இங்கே வரும். இங்கே வேலை செய்தவரின் பெயர் நன்றியுரையில் அல்ல, ஆசிரியர் வரிசையில் இருக்கும். கட்டுரை யாரும் படிக்கும்படி திறந்திருக்கும். எங்கள் மூன்றாம் ஆண்டில் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால், நான் சுற்றிக் கட்டிய பாறையின் பாதியாவது இன்று யாராவது எடுத்துப் பார்க்கக் கிடைத்திருக்கும்.

இனி வரப்போகும் ஒப்பந்தங்களில் நாம் மறுபக்கத்திலும் நிற்போம். 2024 ஜனவரியில் நம் பொதுத்துறை நிறுவனமான காபில், அர்ஜென்டினாவின் கதமார்கா மாகாணத்தில் ஐந்து லித்தியம் வட்டாரங்களில் ஆய்வு செய்ய ஒப்பந்தம் போட்டது. அங்கே லித்தியம் பாறையில் இல்லை, உப்பு நீரில் இருக்கிறது. வறண்ட மேட்டு நிலம், தண்ணீர்தான் அங்கேயும் கேள்வி. நம் மாணவர்களும் பேராசிரியர்களும் அங்கே போய் மாதிரி எடுக்கும் நாள் வரும். அன்றைக்கு நம் ஆய்வகம் பாரிஸ் ஆகிவிடக் கூடாது. கதமார்காவின் மாணவர்களை இங்கே அழைத்து வாருங்கள், நெய்வேலியின் பம்ப் நிலையத்தைக் காட்டுங்கள். அவர்கள் ஊர்த் தண்ணீரின் அளவீடு அவர்களிடம் ஸ்பானிஷில் போய்ச் சேரட்டும்.

அடுத்த வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை அந்தச் சுரங்கத்துக்குப் போய் ஒரு முழு ஷிப்டு நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டு விருந்தினரையும் கூட்டிப் போங்கள். பம்ப் பக்கத்தில் நிற்பவரிடம், உங்களுக்கு எது தெரியவில்லை, எது தெரிந்தால் உதவும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை வரைவின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சுரங்கப் பொறியாளர்