அது வெற்று நிலம் அல்ல, படுகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஜெர்மனிப் பயணக் கட்டுரையில் டிரெஸ்டன் நகரைப் பற்றி ஒரு வரி இருந்தது: "எல்பே ஆற்றின் இரு கரையிலும், நகரின் நடுவிலேயே, ஏக்கர் கணக்கில் வெற்று நிலம் வீணாகக் கிடக்கிறது." படித்த நாளிலிருந்து அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த நிலத்தை ஒட்டி இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவன் நான்.

பிறந்தது திருவையாற்றுக்குப் பக்கத்தில். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே உள்ள நிலத்தை நாங்கள் படுகை என்போம். வெள்ளம் வரும்போது அது ஆற்றுக்குச் சொந்தம், வடிந்த பிறகு நமக்கு. தமிழிலேயே இப்படியொரு சொல் இருக்க, 'வெற்று நிலம்' என்று எழுதியவருக்கும் அதைத் திருத்தாமல் விட்ட தங்களுக்கும் அது நினைவுக்கு வராதது வருத்தமாக இருக்கிறது.

2002 ஆகஸ்ட் 17 அன்று டிரெஸ்டனில் எல்பேயின் நீர்மட்டம் 9.40 மீட்டரைத் தொட்டது. சாதாரண நாளில் அது இரண்டு மீட்டர் அளவில்தான் இருக்கும். நான் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை, மொழியும் சரியாகத் தெரியாது. தெருமுனையில் வரிசையாக நின்றவர்களோடு நானும் நின்று மணல் மூட்டைகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தேன். ஈரச் சாக்கு உரசி விரல் தோல் உரிந்துபோனது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் மேற்கே திருப்பிவிடப்பட்ட வைசெரிட்ஸ் ஆறு தன் பழைய தடத்துக்கே திரும்பி வந்து ரயில் நிலையத்துக்குள் புகுந்திருந்தது. ஆற்றின் இடத்தில் கட்டடம் கட்டினால் என்ன ஆகும் என்று அன்று கண்ணால் பார்த்தேன். படுகை மட்டும் காலியாக இல்லாதிருந்தால் எங்கள் தெருவின் கதி என்னவாகியிருக்கும்? 2013 ஜூனில் மறுபடியும் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்தபின் புல்லின் மேல் விரலளவு வண்டல் படிந்து, வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது.

'வீணாக' என்ற சொல்லுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். முன்பு இந்தப் படுகையில் கம்பத்தின் உச்சியில் மரப்பறவையைக் கட்டிக் குறிபார்த்துச் சுடும் திருவிழா நடந்தது. இன்று கோடையில் திறந்தவெளித் திரையரங்கு, சனிக்கிழமைகளில் ஆல்பர்ட் பாலத்தருகே பழம்பொருள் சந்தை, இலையுதிர் காலத்தில் பட்டம் விடும் பிள்ளைகள். புல் அறுத்து உலர்த்துகிறார்கள், ஆட்டுமந்தை மேய்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், அந்த நிலம் இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரே ஒரு இரவில் பயன்பட்டது. எங்கள் மாடிவீட்டுப் பாட்டிக்கு 1945-இல் ஆறு வயது. பிப்ரவரி 13 இரவு குண்டு விழுந்து நகரம் எரிந்தபோது, தலையில் ஈரக் கம்பளியைப் போட்டு அவரை அவருடைய அம்மா இழுத்துக்கொண்டு ஓடி வந்தது இந்தப் புல்வெளிக்குத்தான். எரியாத இடம் அது ஒன்றுதான் என்பார். பாட்டி இன்று இல்லை. இருந்திருந்தால் உங்கள் வரியை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

கட்டுரையோடு வந்த படத்தின் கீழ் 'யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எல்பே பள்ளத்தாக்கு 2004-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது, 2009-இல் நீக்கப்பட்டது. நீக்கக் காரணம் படுகையின் குறுக்கே கட்டிய வால்ட்ஷ்லோஸ்ஷன் பாலம். தாங்கள் அறியாத செய்தி அல்ல இது. உங்கள் படத்தில் நடுநாயகமாக நிற்பதும் அதே பாலம்தான். 2005-இல் நகர மக்களே பெரும்பான்மையாக வாக்களித்துக் கேட்டு வாங்கிய பாலம் அது, நானும் அதில் சைக்கிளில் போகிறேன். வௌவால்களுக்காகக் கோடை இரவுகளில் அதன் மேல் வாகனங்கள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இத்தனை வழக்கும் வாக்கெடுப்பும் நடந்த மண்ணை ஒரே வரியில் 'வீண்' என்று தள்ளிவிட எப்படி மனம் வந்தது?

இது முதல் முறையும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் டிரெஸ்டனை ரைன் நதிக்கரையில் கொண்டுபோய் வைத்தீர்கள். அப்போதே கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. இங்குள்ள கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பரில் இடிந்து ஆற்றில் விழுந்தபோது, தினமும் அந்த வழியாகப் போய்வந்தவன் என்ற முறையில் ஒரு குறிப்பு அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து சந்தா கட்டிப் படிப்பவர்களுக்கு ஒரு வரி பதில் எழுதுவது அவ்வளவு சிரமமா, ஐயா? தபாலில் மூன்று வாரம் தாமதமாக வந்தாலும் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிற வீடு இது.

நான் கேட்பது இரண்டே இரண்டு. படக்குறிப்பு தவறு என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்தக் கட்டுரை புத்தகமாக வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் 'வெற்று நிலம் வீணாகக் கிடக்கிறது' என்பதை எடுத்துவிட்டு, 'படுகை இருக்கிறது' என்று போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
டிரெஸ்டன், ஜெர்மனி