கேட் போட்டிருக்கும் நேரம்

தண்டையார்பேட்டை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சின்னவளுக்குப் பிரசவம், அதனால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். மூக்கு அப்படியே எங்கள் அம்மாவின் மூக்கு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு நிம்மதி. ஒரு மாதத்துக்கு அவளை அடுப்புப் பக்கம் விடாதே, நீயே சமை.

சரி, படத்துக்கு வருகிறேன். நீ பென்டிரைவில் அனுப்பிய கொயானிஸ்காட்ஸி என்ற அமெரிக்க ஆவணப்படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை மொட்டைமாடியில். பெரியவனின் சிநேகிதன் ஒரு புரொஜெக்டர் கொண்டுவந்தான், துணி காயப்போடும் கம்பியில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள், தெருப் பையன்கள், கீழ் வீட்டு ஆயா என்று பத்துப் பதினைந்து பேர். கால் மணி நேரம் பாறையும் மேகமும் மட்டுமே ஓடியதும் பாதிப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள். ஆயா அசையவில்லை. காசிமேட்டில் நாற்பது வருஷம் மீன் விற்றவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பெயரை முதலில் நீ போனில் சொன்னபோது கடைசியில் 'காட்சி' என்று வருவதாகவே என் காதில் விழுந்தது. அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடிகளின் சொல் என்றும், காட்ஸி என்றால் வாழ்க்கை என்றும் அப்புறம்தான் தெரிந்தது. படம் முடியும்போது அந்தச் சொல்லுக்கு ஐந்து பொருள் போடுகிறார்கள். நிலைகுலைந்த வாழ்க்கை என்பது அதில் ஒன்று. வேறு விதமாக வாழச் சொல்லும் வாழ்நிலை என்பது கடைசிப் பொருள். அந்தக் கடைசி வரிக்காகவே இரண்டாவது முறை பார்த்தேன்.

86 நிமிடத்தில் ஒரு வசனம் கிடையாது, விளக்கிச் சொல்லும் குரல் கிடையாது. ஃபிலிப் கிளாஸின் இசை மட்டும்தான். எடுத்த காட்ஃப்ரே ரெஜியோ இளம் வயதிலேயே கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து 14 வருஷம் இருந்தவர். இன்றைய உலகத்தைச் சொல்ல நம் மொழிக்குத் திராணி போய்விட்டது, அதனால்தான் வார்த்தையே வைக்கவில்லை என்கிறார். தினமும் டிவியில் நாலு பேர் சேர்ந்து கத்துவதைக் கேட்கிற எனக்கு அது சரியாகவே பட்டது. 1982இல் வந்த படம், ஆனால் அதில் வருகிற ரோடும் எஸ்கலேட்டரும் இன்றைக்கு எடுத்தது போலவே இருக்கின்றன.

நீ கோடம்பாக்கத்தில் கேமரா அசிஸ்டென்டாக இருந்த நாட்களில் எனக்கு டைம் லாப்ஸ், அதாவது நிதானமாக நடப்பதை விட்டுவிட்டுப் படமெடுத்து வேகமாக ஓட்டிக் காட்டும் வித்தை, பற்றி ஒரு டீக்கடை பெஞ்சில் கணக்குப் போட்டுக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? பத்து விநாடிக்கு ஒரு பிரேம் என்று எடுத்தால் ஒரு மணி நேரத்தில் 360 பிரேம், அதை விநாடிக்கு 24 என்று ஓட்டினால் பதினைந்தே விநாடி. இந்தப் படத்தில் கேமராமேன் ரான் ஃபிரிக் எடுத்த ராத்திரி ரோடுகளைப் பார்த்தபோது அந்தக் கணக்குதான் மனதில் ஓடியது. கார்கள் காராகத் தெரியவில்லை, வெளிச்சம் ஆறாக ஓடுகிறது. ஃபேக்டரியில் சாசேஜ்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன, அடுத்த காட்சியில் எஸ்கலேட்டரில் மனிதர்கள் அதே மாதிரி வந்துகொண்டே இருக்கிறார்கள். பையன்கள் அதைப் பார்த்து ஓவென்று கத்தினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் மச்சான், மூன்றாவது முறை பார்க்கும்போது ஒன்று உறுத்தியது. படம் காட்டுவது எல்லாம் ஓடுகிறவர்களை. இங்கே என் கண்ணில் தினமும் படுவது நிற்கிறவர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்பதை நீயே பார்த்திருக்கிறாய். டிரைவர்கள் லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு பொங்குவார்கள், வீட்டுக்கு வீடியோ கால் பேசுவார்கள், அங்கேயே துண்டை விரித்துத் தூங்குவார்கள். அதை நீ எத்தனை மடங்கு வேகமாக ஓட்டினாலும் ஆறாக ஓடாது. அந்த லாரியில் இருப்பதுதான் நகரத்தின் மறுமுனையில் இரண்டே நாளில் வாசலுக்கு வந்து நிற்கிறது. ஒருவனுக்கு வேகமாகக் கிடைக்க இன்னொருவன் இங்கே காத்துக் கிடக்கிறான். இந்தப் பாதி படத்தில் இல்லை.

சின்னவளுக்கு வலி எடுத்த அன்றும் நம்ம ரயில்வே கேட் போட்டிருந்தது. ஆட்டோவில் நான், அவள் அம்மா, அவள். முதலில் ஒரு கூட்ஸ் போனது, திறப்பார்கள் என்று பார்த்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று. டேங்கர் டேங்கராக எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆட்டோக்காரத் தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு, "ஒண்ணும் ஆகாது தங்கச்சி, மூச்ச இழுத்து விடு" என்று திரும்பித் திரும்பிச் சொன்னான். சைக்கிளில் நின்ற ஒரு பெரியவர் அவருடைய தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இருபத்திரண்டு நிமிடம். என் வாழ்க்கையிலேயே நீளமான இருபத்திரண்டு நிமிடம் அது. அதை யாராவது பதினைந்து விநாடியாகச் சுருக்கிக் காட்டினால் எனக்குக் கோபம் வரும்.

ரெஜியோவுக்கும் இது தெரியாமல் இல்லை. திடீரென்று வேகத்தை நிறுத்திவிட்டு முகங்களைக் காட்டுகிறார். போர் விமானத்துக்கு முன்னால் நின்று கேமராவையே பார்க்கும் ஒரு விமானி, சூதாட்ட விடுதியின் பணிப்பெண்கள் வரிசையாக. ஒன்றும் செய்யாமல் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இடங்களில் எனக்கு நெஞ்சை அடைத்தது. படம் முழுக்க இன்னும் நாலு முகம் அப்படிக் காட்டியிருக்கக் கூடாதா?

ஆயா பேசியது ஒரே இடத்தில். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ப்ரூயிட்-ஐகோ என்று 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் பதினொரு மாடி, ஏழைகளுக்காக 1950களில் கட்டியவை. இருபது வருஷம்கூட ஆகாமல் 1972இல் வெடிவைத்துத் தகர்க்க ஆரம்பித்தார்கள். படத்தில் காலி ஜன்னல்கள், உடைந்த கண்ணாடிகள், அப்புறம் முழுக் கட்டடமும் மண்டி போடுகிற மாதிரி இறங்குகிறது. இசை அப்படியே தூக்குகிறது. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆயா கேட்டாள்: "அந்த ஊட்டு ஜனமெல்லாம் எங்க போச்சு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. படம் அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டது.

அவள் ஏன் கேட்டாள் என்று உனக்குப் புரியும். நாம் வளர்ந்த பிளாக்கை இடித்தபோது அவளும் வாடகை வீட்டில்தான் காத்திருந்தாள், புது வீட்டுச் சாவி கைக்கு வரும் வரை. அவள் அக்கா குடும்பம் நகரத்தின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கம் போனது. அங்கிருந்து விடியற்காலை காசிமேட்டு ஏலத்துக்கு எப்படி வருவது? வியாபாரத்தையே விட்டுவிட்டாள் அந்த அம்மா. இடித்த அன்று நம் வீட்டுச் சுவர் பாதி நின்றது, அதில் உன் தங்கை உயரம் அளந்து போட்ட பென்சில் கோடுகள் ரோட்டிலிருந்தே தெரிந்தன. இதை உனக்கு அப்போது எழுதவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அன்று போய்ப் பார்த்தேன். படகெல்லாம் கறுப்பு, அலையாத்திச் செடியெல்லாம் இடுப்பு வரை கறுப்பு. மீனவர்கள் பக்கெட்டும் மக்கும் வைத்துக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்னால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மேலே இருந்து எடுத்தால் அந்த எண்ணெய்ப் படலம் வானவில் மாதிரி அழகாக இருந்திருக்கும். கிட்டே போனால் மூச்சு முட்டியது. இந்தப் படத்தின் மேல் எனக்குள்ள மரியாதையும் மனத்தாங்கலும் இதில்தான் இருக்கின்றன. அழகாகக் காட்டியதால்தான் என்னால் மூன்று முறை பார்க்க முடிந்தது. அதே அழகுதான் அங்கே வாழ்ந்தவர்களைத் தூரத்தில் வைக்கிறது.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். நாலு நாள் சேர்த்து லீவு போடு. கேட்டுக்குப் பக்கத்தில் அந்த டீக்கடை இன்னும் இருக்கிறது, மாடியில் நின்று எடுக்கலாம் என்று கடைக்காரரிடம் பேசிவிட்டேன். கேட் போடுவதிலிருந்து தூக்கும் வரை ஒரே ஷாட், வெட்டாமல், வேகம் கூட்டாமல். இசை வேண்டாம், கூட்ஸ் சத்தமே போதும். முகங்களை மட்டும் கிட்டே எடு. ஆயாவையும் கேட்டேன், மீன் கூடையோடு வந்து நிற்கிறேன் என்றாள்.

உன் பழைய டிரைபாடை மறக்காமல் எடுத்து வா. இங்கே வாடகைக்குக் கிடைப்பது எல்லாம் ஆடுகிறது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன் நண்பன்