படத்துக்குக் கீழே இரண்டு பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நடனமும் ஓவியமும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆடுகிறவரை ஓவியர் எப்படிப் பார்க்கிறார் என்பதை நன்றாகவே எழுதியிருந்தார்கள். எதிரே நிற்கிறவளின் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. நான் அப்படி நின்றவள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பதினைந்து வருடங்களுக்கு முன்பு ஓர் ஓவிய முகாமுக்கு மூன்று நாள் கூப்பிட்டிருந்தார்கள். சலங்கை, பயிற்சிப் புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் காலை, “அரைமண்டியில் அப்படியே இருங்கள், இருபது நிமிஷம்” என்றார் ஒருவர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்கிற மாடலுக்கு அது சரி. முழங்காலை இரு பக்கமும் மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கிற அரைமண்டியில் இரண்டு நிமிஷம் தாண்டினாலே தொடை நடுங்கும். நான்காவது நிமிஷம் இடுப்பு தானாக மேலே ஏறும், முழங்கால் முன்னால் வந்துவிடும், முகத்தில் மட்டும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அன்று மதியம் படங்களைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தேன். அவர்கள் மேல் தப்பில்லை, கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் வரைந்திருந்தார்கள்.

மறுநாள் வயதான ஓவியர் ஒருவர்தான் வழி சொன்னார். “நிற்க வேண்டாம் அம்மா, ஒரே அடவைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.” அடவு என்றால் நடனத்தின் அடிப்படை அசைவு. பாதத்தைத் தரையில் தட்டுகிற தட்டடவை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் யாரும் வரைகிற கரித்துண்டைத் தொடவே இல்லை. அப்புறம் ஒரு பெண் தோளில் தொடங்கி, மலர்ந்த தாமரை மாதிரி விரல்களை விரிக்கிற அலபத்ம முத்திரையின் விரல் நுனிவரை ஒரே கோடு இழுத்தாள். முகம் கிடையாது, நகை கிடையாது. அது நான்தான் என்று என் அம்மாவே சொல்லிவிடுவார். இன்னொரு பையனுக்கு இடுப்பு மட்டும் சரியாக வரவில்லை. “எழுந்து வந்து நீயே உட்கார்ந்து பார்” என்றேன். அரை நிமிஷத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆனால் அதற்கடுத்த படத்தில் இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. உடுப்பி அருகே கட்டிங்கேரியில் பிறந்த ஓவியர் கே.கே. ஹெப்பார் கதக் நடனத்தையே சுந்தர் பிரசாத்திடம் முறையாகக் கற்றுக்கொண்டார். தாளம் உடம்பில் ஏறினால் கோட்டில் இறங்கும் என்றுதான். 1906இல் கம்போடிய மன்னரோடு பிரான்சுக்கு வந்த அரசவை நடனப் பெண்களைப் பாரிஸில் பார்த்த சிற்பி ரொதான், அவர்கள் மார்செய்க்குக் கிளம்பியதும் பின்னாலேயே போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 65. சில நாட்களுக்குள் சுமார் 150 படங்கள் வரைந்தார். தாளைப் பார்க்காமல் ஆளையே பார்த்து வரைகிற பழக்கம் உள்ளவர், ஆடுகிறவர்களை நிறுத்தி வைக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

என் மனக்குறை முகாமுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. படங்களைக் கண்காட்சியில் வைத்தார்கள், சில விற்றும் போயின. எனக்குப் பஸ் செலவும் ஒரு பொன்னாடையும் தந்தார்கள். படத்தின் கீழே “நர்த்தகி 3” என்று எழுதியிருந்தது. அழைப்பிதழில் ஒலிபெருக்கி போட்டவருக்குக்கூட நன்றி இருந்தது, எனக்கு இல்லை.

பிரெஞ்சு ஓவியர் டெகா செய்த பதினான்கு வயது நடனப் பெண்ணின் மெழுகுச் சிற்பம் 1881இல் பாரிஸில் காட்சிக்கு வந்தது. அதற்கு நின்ற மரீ வான் கோதெம், பாரிஸ் ஓபராவின் நடன மாணவி. அடுத்த வருடமே வகுப்புக்குச் சரியாக வரவில்லை என்று அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சிற்பத்தின் வெண்கல வார்ப்புகள் உலகமெங்கும் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன.

நம் ஊரில் இதைவிட நல்ல கணக்கு இருந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் சோழர் கால ஓவியங்களில் பெண்கள் ஆடுகிறார்கள். அங்கே எல்லோரையும் விடுவதில்லை, நானும் புகைப்படத்தில் பார்த்ததோடு சரி. அதே கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. நக்கன் சேரமங்கை என்று பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, வருடத்துக்கு 100 கலம் நெல். சுவரில் ஆடுகிறவள் அவர்களில் யார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஆடினவளுக்குப் பெயரும் கூலியும் உண்டு என்பது அந்தக் கல்லை வெட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முகாம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். படம் விற்றால் அதில் ஒரு பங்கு கொடுங்கள். ஒரு தட்டுக்கழியும் தாளம் போட ஒருவரும் இருந்தால் படமும் நன்றாக வரும், எங்கள் முழங்காலும் பிழைக்கும்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கட்டுரையோடு வந்த கோட்டோவியத்தின் கீழே ஓவியர் பெயர் இருந்தது, பக்கத்தில் “நடனமாடும் பெண்” என்று போட்டிருந்தீர்கள். படத்தை உற்றுப் பாருங்கள். விரல்களை ஒட்டி நீட்டுகிற பதாக முத்திரையில் இடது சுண்டுவிரல் மட்டும் ஒட்டாமல் விலகி நிற்கிறது. பத்து வருடமாக நான் திட்டியும் திருந்தாத விரல் அது, என் மாணவியுடையது. பெயர் வேண்டுமென்றால் அவளிடம் கேட்டு எழுதுகிறேன், அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
நாட்டிய ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்