பொருள்: டர்பன் – சென்னை பயண நேரத்தைத் தவறாகக் காட்டிப் பயணச்சீட்டு விற்றது குறித்து

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 76. சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. இந்த வயதுவரை இந்தியாவைப் பார்த்ததில்லை. பழநிக்கு ஒருமுறை போய்விட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இடையில் துபாயில் ஓர் இரவு தங்கி, தூங்கி எழுந்து போகலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தோம்.

உங்கள் இணையதளத்தில் டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தையும் சென்னையையும் தேர்ந்தெடுத்ததும், “தூரம் 7,080 கி.மீ., பயண நேரம் 8 மணி 50 நிமிடம்” என்று வந்தது. பணம் கட்டும் பொத்தான் அதற்கு நேர் கீழே. ஒன்பது மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாமென்றால் துபாயில் தங்குவானேன் என்று அந்த யோசனையை விட்டுவிட்டுப் பணம் கட்டினேன்.

அப்புறம் பயணச்சீட்டு வந்தது. டர்பனில் மாலை 7 மணிக்குப் புறப்பாடு. துபாயில் அந்த ஊர் நேரப்படி காலை 5.15. அங்கே நாலரை மணி நேரம் காத்திருந்து, 9.45க்கு அடுத்த விமானம். சென்னையில் பிற்பகல் 3.15. டர்பனுக்கும் சென்னைக்கும் உள்ள மூன்றரை மணி நேர வித்தியாசத்தைக் கழித்தாலும் மொத்தம் 16 மணி 45 நிமிடம் ஆகிறது. டர்பன் – துபாய் மட்டுமே எட்டேகால் மணி நேரம்!

அரை மணி நேரத்துக்குள் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “தூரம் சரிதானே மேடம்” என்றார் எடுத்தவர். சரிதான். உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தால் அந்தத் தூரம்தான் வரும். அதை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்தால் 8 மணி 20 நிமிடம். ஏற இறங்க அரை மணி சேர்த்தால் உங்கள் 8.50 வந்துவிடுகிறது. ஆனால் அந்த நூல் மேல் பறக்கும் விமானம் எது? டர்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானமே கிடையாது. துபாய் வழியாகச் சுமார் 9,550 கி.மீ. ஆகிறது. இல்லாத விமானத்தின் நேரத்தைக் காட்டி, இருக்கிற விமானத்துக்குச் சீட்டு விற்றிருக்கிறீர்கள்.

1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை ஏற்றியபோது டர்பன் வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. “பக்கத்தில்தான்” என்று சொல்லித்தான் ஆள்பிடிக்கும் ஏஜெண்டு கூட்டிவந்தான் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. விஷயத்தைச் சொன்னதும் அம்மாவுக்கு அந்த ஏஜெண்டு ஞாபகம்தான் வந்தது.

திரும்பும் பயணத்திலும் கோளாறுதான். சென்னையில் அதிகாலை 3.30க்குப் புறப்பட்டு டர்பனில் மாலை 4.50க்கு இறங்குவதை “13 மணி 20 நிமிடம்” என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்தந்த ஊர்க் கடிகாரத்தை அப்படியே கழித்திருக்கிறீர்கள். உண்மையில் 16 மணி 50 நிமிடம். ஊசியையும் மாத்திரையையும் எந்த நேரத்துக்குக் கொடுப்பது என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த மூன்றரை மணி நேரம் சின்ன விஷயமில்லை.

கடைசியில், போகும்போது துபாயில் ஓர் இரவு தங்குவதற்காகத் தேதி மாற்றினோம். அதற்கு 2,600 ராண்ட் வசூலித்தீர்கள். அந்தத் தொகையை 14 நாளுக்குள் நான் பணம் கட்டிய அட்டைக்கே திருப்பி அனுப்புங்கள். ரசீதுகளையும், அன்று உங்கள் தளத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்திருக்கிறேன். அந்த 8.50ஐயும் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நேற்று இரவு பார்த்தபோதும் அங்கேயே இருந்தது.

பதிலைத் தமிழிலேயே எழுதுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்