மூடிய மடிக்கணினியும் வெளி விசைப்பலகையின் கைரேகையும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. தணிக்கை வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பதற்கு மாடி அறையை ஒழுங்குசெய்துவிட்டீர்கள் என்பதும், மானிட்டரைக் கண் மட்டத்திற்கு உயர்த்திய பிறகு கழுத்துவலி குறைந்திருக்கிறது என்பதும் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தன. இங்கு அனைவரும் நலம். ஆப்பிளின் மடிக்கணினியான மேக்புக்கை மூடி ஓரமாக வைத்துவிட்டுத் தனி விசைப்பலகையில் வேலை செய்யும் பழக்கம் எனக்கும் உண்டு என்பதால், கைரேகைப் பொத்தான் கொண்ட புதிய மேஜிக் கீபோர்டு விசைப்பலகையில் விரலை வைத்தால் திறக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருந்த பகுதியை ஊன்றிப் படித்தேன். எரிச்சல் தாங்காமல் கடவுச்சொல்லை நான்கு எழுத்தாகக் குறைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்களே, அதுதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எத்தனையோ குடும்பங்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் அந்த மடிக்கணினியில் இருக்கின்றன. ஃபைல்வால்ட் என்னும் மறையாக்க வசதி மூலம் பூட்டப்பட்ட வட்டைத் திறப்பதும் அதே கடவுச்சொல்தான். கைரேகையைச் சரிசெய்துவிட்டால், நீளமான கடவுச்சொல்லை எப்போதாவது ஒருமுறை தட்டினால் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உங்கள் கைரேகை அந்த விசைப்பலகையில் சேமிக்கப்படுவதில்லை. விசைப்பலகை, வாசலில் நின்று வந்தவரின் அடையாளத்தை உள்ளே சொல்லி அனுப்பும் காவலரைப் போன்றது. அனுமதிப்பதா மறுப்பதா என்று முடிவு செய்வது மடிக்கணினியின் சிப்பில் உள்ள செக்யூர் என்கிளேவ் என்னும் தனிப்பகுதி. அதனால், மடிக்கணினியின் சொந்தக் கைரேகைப் பொத்தானில் நீங்கள் பதிந்த விரலே வெளி விசைப்பலகையிலும் செல்லும், மீண்டும் பதிய வேண்டியதில்லை. ஆனால் அந்த விசைப்பலகை நம்பத்தக்கதுதானா என்று கணினி அறிந்திருக்க வேண்டுமே! அதற்காகவே இரண்டுக்கும் இடையே பாதுகாப்பான இணைப்பு ஒன்று தனியாக ஏற்படுத்தப்படுகிறது. இது ப்ளூடூத் இணைப்பிலிருந்து வேறானது. ப்ளூடூத் இருந்தால் எழுத்துகள் தட்டச்சாகும். இந்த இணைப்பு இல்லாவிட்டால் விரல் மட்டும் ஏற்கப்படாது. உங்களுக்கு நேர்ந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால், அலுவலகம் தந்த மேக் கணினியுடனும் இதே விசைப்பலகையை நடுவில் பயன்படுத்தியதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஒரு மேக், ஐந்து விசைப்பலகைகள் வரை இவ்வாறு நம்பி வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு விசைப்பலகை ஒரு நேரத்தில் ஒரே ஒரு மேக்குடன்தான் இந்த உறவை வைத்திருக்க முடியும். அலுவலகக் கணினியுடன் சேர்த்த அந்தக் கணமே வீட்டுக் கணினியுடன் இருந்த உறவு அறுந்திருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக இணைக்காமல் இரண்டிலும் வெளி விசைப்பலகையில் விரல் செல்ல வேண்டுமென்றால், இரண்டு விசைப்பலகைகள் தேவை.

உறவைப் புதுப்பிக்க, மடிக்கணினியைத் திறந்து வையுங்கள். மூடிய நிலையில் முயல்வதுதான் பலரும் தடுமாறும் இடம். விசைப்பலகையைக் கேபிள் மூலம் மடிக்கணினியுடன் இணைத்துப் பின்விளிம்பில் உள்ள சிறு சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சார்ஜ் மட்டுமே ஏற்றும் மலிவான கேபிள் இதற்கு உதவாது. தரவும் கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும். டச் ஐடியை (ஆப்பிளின் கைரேகை வசதியின் பெயர் இது) இணைப்பது பற்றித் திரையில் அறிவிப்பு வந்ததும், மடிக்கணினியின் சொந்தப் பவர் பொத்தானை இருமுறை அழுத்துங்கள். கணினியின் அருகில் உண்மையாகவே ஒருவர் இருந்து ஒப்புக்கொள்கிறார் என்பதற்கு அதுதான் சான்று. அந்தப் பொத்தான் மூடிக்கு அடியில் இருப்பதால்தான் திறந்து வைக்கச் சொன்னேன். அறிவிப்பே வராவிட்டால், ப்ளூடூத் பட்டியலிலிருந்து விசைப்பலகையை நீக்கிவிட்டு மீண்டும் கேபிளைச் செருகுங்கள். அதன் பின் சிஸ்டம் செட்டிங்ஸில் டச் ஐடி பக்கத்திற்குச் சென்று, மேக்கைத் திறக்கக் கைரேகையைப் பயன்படுத்தும் தெரிவு இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மடிக்கணினி, ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 அல்லது அதற்குப் பின் வந்த சிப் கொண்டதாக இருக்க வேண்டும். இன்டெல் மேக்குகளில் இந்த விசைப்பலகை தட்டச்சுக்கு மட்டுமே பயன்படும். உங்களுடையது புதியது என்பதால் அந்தக் கவலை இல்லை.

இணைப்பு சரியான பிறகும் சில நேரங்களில் கணினி கடவுச்சொல்லையே கேட்கும். அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். மறுதொடக்கம் செய்தபின், 48 மணி நேரத்திற்கு மேல் திறக்காமல் விட்டபின், ஐந்து முறை விரல் பொருந்தாமல் போனபின், கடவுச்சொல் கட்டாயம். திங்கட்கிழமை காலையில்தான் இந்தத் தொல்லை என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை மாலை மூடியதை அதுவரை தொடாமல் இருந்தால் 48 மணி நேரம் கடந்திருக்கும். ஒருமுறை கடவுச்சொல்லைத் தட்டிவிட்டால் அன்று முழுவதும் விரல் போதும்.

இன்னொன்றும் உண்டு. திரை விழித்திருக்கும்போது விசைப்பலகையின் கைரேகைப் பொத்தானை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் வேறு ஏதேனும் ஒரு விசையைத் தட்டித் திரையை எழுப்பி, பிறகு விரலை அழுத்தாமல் மெல்ல வைத்திருங்கள். எண்பகுதி உள்ள உங்கள் விசைப்பலகையில் அந்தப் பொத்தான் வலது கோடியில் இருப்பதால், மடிக்கணினியில் வைத்த அதே கோணத்தில் விரல் விழாது; ஒரு பயனருக்கு மூன்று விரல்கள் வரை இடம் உண்டு என்பதால், வழக்கமான இருக்கையில் அமர்ந்தபடியே அதே விரலை வெளி விசைப்பலகையில் இன்னொரு முறை பதிந்துவிடுங்கள். வியர்வை ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு வைப்பது நல்லது.

கணினி திறக்கிறது, ஆனால் மென்பொருள் நிறுவும்போது மட்டும் விரலைக் கேட்காமல் கடவுச்சொல்லைக் கேட்கிறது என்றால், மானிட்டரை எதன் வழியாக இணைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்குகள் (மானிட்டரை மென்பொருள் வழியாக இணைக்கும் இடைக்கருவிகள்) திரைப்பதிவு அனுமதி பெற்றே படத்தை அனுப்புகின்றன. திரையை யாரோ கவனிக்கிறார்கள் என்று கொண்டு, கணினி அத்தகைய அனுமதிப் பெட்டிகளில் கைரேகையை விலக்கிவிடக்கூடும். டாக்கை எடுத்துவிட்டு மானிட்டரை நேரடியாக இணைத்துப் பார்த்தால் காரணம் அதுதானா என்று தெரிந்துவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது, மூடியைத் திறந்து கேபிளைச் செருகுவதிலிருந்து தொடங்குங்கள். இணைப்பு அறிவிப்பு வந்ததா இல்லையா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். வராவிட்டால் கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்